‘யேசூ அன்யோ’: ஓர் ஐரிஷ்காரரின் ஜெபப் பாட்டு சீனத்தில் வேர்பிடித்த வரலாறு

தமிழில் ‘பாவ சஞ்சலத்தை நீக்கப் பிராண நண்பர்தான் உண்டே’ என்று பாடுகிறோமே, அதே பாட்டை அதே மெட்டில் சீனத் திருச்சபைகள் ‘யேசூ அன்யோ’ என்ற பெயரில் பாடுகின்றன. ‘அன்’ என்றால் கிருபை, ‘யோ’ என்றால் நண்பர். இந்தப் பாட்டையும் இதை உருவாக்கியவர்களையும் பற்றிக் கேட்க விரும்புவதைக் கேளுங்கள் என்று அறிவித்திருந்தேன். தமிழ் ஆராதனையும் சீன ஆராதனையும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் மலேசியச் சபை ஒன்றில் நெடுங்காலம் பாடகர் குழுவைப் பயிற்றுவித்தவள் என்பதே எனக்குள்ள தகுதி. ஒரே பொருளில் வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பாளையங்கோட்டை வாசகர்: டீச்சர், இந்தப் பாட்டை முதலில் எழுதியவர் யார்? அவர் எந்த ஊர்க்காரர்?

ஜோசப் ஸ்கிரிவன். 1819இல் வட அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில், பான்பிரிட்ஜ் என்ற ஊருக்கு அருகே பிறந்தவர். தந்தை கடற்படைக் காலாட்பிரிவில் கேப்டன். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர், இடையில் படிப்பை நிறுத்திவிட்டு இங்கிலாந்தின் அடிஸ்கோம்ப் ராணுவக் கல்லூரியில் சேர்ந்தார். அது கிழக்கிந்தியக் கம்பெனி தன் படை அதிகாரிகளைத் தயார்செய்த கல்லூரி. உடல்நலம் ஒத்துழைத்திருந்தால் இந்தியாவுக்கு வாளோடு வந்து இறங்கியிருப்பார். ஒத்துழைக்கவில்லை. டப்ளினுக்கே திரும்பி 1842இல் பட்டம் பெற்றார். பிறகு கனடாவுக்குக் குடியேறி, ஒன்டாரியோ மாகாணத்தின் போர்ட் ஹோப், ரைஸ் ஏரிப் பகுதிகளில் ஆசிரியராகவும் ஊழியராகவும் வாழ்ந்தார். பிளிமத் சகோதரர் சபையைச் சேர்ந்தவர்.

மதுரை வாசகி: திருமணத்துக்கு முந்தைய நாள் மணப்பெண் நீரில் மூழ்கி இறந்துவிட்டார், அந்தத் துயரத்தில் எழுதிய பாட்டு இது என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். சரிதானா?

இரண்டு துயரங்களை ஒன்றாக்கிச் சொல்லும் பழக்கம் பரவிவிட்டது அம்மா. அதைச் சரிசெய்தாக வேண்டும்.

அயர்லாந்தில் அவருக்கு நிச்சயமான பெண் திருமணத்துக்கு முந்தைய நாள் நீரில் மூழ்கி இறந்தார் என்பது அவருடைய வாழ்க்கை வரலாறுகள் எல்லாம் சொல்லும் செய்தி. அவர் கனடாவுக்குப் புறப்பட்டது அதன் பிறகு. ஆனால் இந்தப் பாட்டு அதற்கு வெகுகாலம் கழித்து, 1855 வாக்கில் எழுதப்பட்டது. அயர்லாந்தில் இருந்த அவருடைய தாய் பெரும் மனவேதனையில் இருந்தார். கடலுக்கு இப்பால் இருந்த மகனால் அருகில் போய் உட்கார முடியவில்லை. கவிதை எழுதி அனுப்பினார். ‘இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்’ என்ற அப்போஸ்தலர் பவுலின் வாக்கியமே அதன் தலைப்பு.

இரண்டாவது துயரம் அதற்கும் பிறகு வந்தது. கனடாவில் எலைசா ரோச் என்ற பெண்ணோடு அவருக்குத் திருமணம் உறுதியாகியிருந்தது. அவர் நோயுற்று 1860இல் இறந்தார். ஆகவே, தன் இழப்பைப் பாடிய மனிதர் என்று ஸ்கிரிவனை முன்னிறுத்துவது பொருந்தாது. வேறொருவரின் கண்ணீரைத் துடைக்க எழுதியவர் அவர். பாட்டில் ‘நான்’ என்ற தன்மை ஒருமை கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘நாம்’ என்றும் ‘நீ’ என்றும்தான் பேசுகிறது. தாய்க்கு எழுதிய கடிதத்தின் குரல் அது.

தூத்துக்குடி வாசகர்: பழைய புத்தகம் ஒன்றில் ஹொரேஷியஸ் போனர் எழுதியதாகப் போட்டிருந்ததே?

ஸ்கிரிவன் தன் பெயரைப் போடவில்லை என்பதால் வந்த குழப்பம் அது. 1865இல் ஹேஸ்டிங்ஸ் என்பவர் வெளியிட்ட அமெரிக்கப் பாடல் தொகுப்பில் இந்தக் கவிதை இடம்பெற்றது. போனர் அன்று மிகப் புகழ்பெற்ற ஸ்காட்லாந்துப் பாடலாசிரியர். பெயரில்லாத நல்ல பாட்டு அவர் கணக்கில் ஏறிவிட்டது. 1869இல் ஸ்கிரிவன் தன் பாடல்களைத் தனி நூலாகவே வெளியிட்டார். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் இருந்தும் இதைச் சேர்க்கவில்லை!

அவர் நோயாகப் படுத்திருந்தபோது பார்க்க வந்த அயலார் ஒருவர் கையெழுத்துப் பிரதியைக் கண்டு விசாரித்த பிறகே உண்மை வெளிவந்தது. தாயின் ஆறுதலுக்காக எழுதினேன், வேறு யாரும் பார்ப்பார்கள் என்று எண்ணவில்லை என்றாராம். பின்னொரு நாள் இன்னொருவர் கேட்டபோது, “கர்த்தரும் நானும் சேர்ந்து செய்தோம்” என்று பதில் சொன்னதாக அமெரிக்கச் சுவிசேஷப் பாடகர் ஐரா சாங்கி தன் நூலில் எழுதியிருக்கிறார்.

போர்ட் ஹோப் தெருக்களில் அவர் தோளில் ரம்பத்தோடும் அறுக்கும் மரத்தைத் தாங்கும் சட்டத்தோடும் போவாராம். கூலிக்கு அழைக்க நினைத்த ஒருவரிடம், “அவர் உங்களுக்கு அறுக்க மாட்டார். கூலி கொடுக்க முடியாத விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும்தான் விறகு அறுத்துக் கொடுப்பார்” என்று ஊர்க்காரர் சொன்னாராம். 1886 ஆகஸ்ட் 10 அன்று, நோயின் கடுமையில் இரவில் எழுந்து வெளியே போனவர் நீர்நிலை ஒன்றில் இறந்து கிடந்தார். எலைசா ரோச்சின் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் செய்தார்கள்.

கோவை வாசகர்: மெட்டும் அவருடையதா?

இல்லை. மெட்டு சார்லஸ் குரோசாட் கான்வெர்ஸ் என்ற அமெரிக்கருடையது. 1832இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வாரன் என்ற ஊரில் பிறந்து, ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இசை படித்தவர். பிறகு ஆல்பனியில் சட்டம் படித்து, பென்சில்வேனியாவின் ஈரி நகரில் வழக்கறிஞராக இருந்தார். ஆர்கன் செய்யும் நிறுவனம் ஒன்றையும் நடத்தினார். 1868இல் இந்த மெட்டை அமைத்தார். அதனால்தான் சில பாட்டுப் புத்தகங்களில் மெட்டின் பெயர் ‘ஈரி’ என்றும், சிலவற்றில் ‘கான்வெர்ஸ்’ என்றும் இருக்கும். 1870இல் முதலில் வெளியானபோது அவரும் சொந்தப் பெயரைப் போடவில்லை, ‘கார்ல் ரேடன்’ என்ற புனைபெயரில்தான் வந்தது. ஆங்கிலத்தில் ஆண், பெண் இருவருக்கும் பொதுவான ஒருமைப் பிரதிப்பெயர் இல்லையே என்று ‘தான்’ (thon) என்றொரு ஆங்கிலச் சொல்லை உருவாக்கிப் பரப்ப முயன்றவரும் இவரே.

பாட்டை உலகுக்கு எடுத்துச் சென்றவர் சாங்கி. பாடலாசிரியர் பிலிப் பிளிஸ்ஸும் அவரும் சேர்ந்து 1875இல் சுவிசேஷப் பாடல் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்கள். தொகுப்பு முடியும் தறுவாயில், கான்வெர்ஸின் வேறொரு பாட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைச் சேர்த்தார் சாங்கி. கடைசியாகச் சேர்ந்த அந்தப் பாட்டுதான் மக்கள் விருப்பத்தில் முன்னுக்கு வந்தது.

கொழும்பு வாசகர்: சரி, சீனாவுக்கு எப்படிப் போனது?

சீன மொழியில் புரோட்டஸ்டன்ட் பாட்டுப் புத்தகம் அதற்கு முன்பே இருந்தது. ராபர்ட் மாரிசன் ‘யாங் ஷின் ஷென் ஷி’ என்ற சிறு தொகுப்பை 1818இலேயே வெளியிட்டுவிட்டார். ஆனால் அந்தக் காலத்துப் பாட்டுகள் வேதாகமச் சங்கீதங்களின் கனமான நடையிலும் பழைய ஐரோப்பிய மெட்டுகளிலும் இருந்தன. அமெரிக்கப் பிரசங்கியார் டுவைட் மூடியும் சாங்கியும் நடத்திய கூட்டங்களின் அலை அடித்த பிறகு நிலைமை மாறியது. 1885இல் சீனாவுக்குப் புறப்பட்ட ‘கேம்பிரிட்ஜ் எழுவர்’ என்ற இளைஞர் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1882இல் மூடியும் சாங்கியும் கேம்பிரிட்ஜில் நடத்திய கூட்டங்களோடு அந்தக் குழுவின் கதை பின்னிப்பிணைந்தது. இப்படிப்பட்டவர்கள் போன இடமெல்லாம் சாங்கியின் பாட்டுப் புத்தகமும் போனது.

பாட்டு வந்தால் போதாது, பாடத் தெரிய வேண்டுமே. ஷான்டோங் மாகாணத்தில் பள்ளி நடத்திய ஜூலியா மட்டீர் என்ற அம்மையார் 1872இல் மேற்கத்திய இசைக்குறிப்பைச் சீன மொழியில் கற்பிக்கும் பாடநூல் ஒன்றை எழுதினார். இவரைப் போன்றவர்களை யாரும் நினைப்பதில்லை. சீனக் கிறிஸ்தவர்கள் நான்கு குரலில் பாடக் கற்றதில் இவர்களின் உழைப்பு இருக்கிறது.

சென்னை வாசகி: மொழிபெயர்த்தவர் யார் என்று புத்தகத்தில் தேடினேன், கிடைக்கவில்லை. மொழிபெயர்ப்பாளருக்கு மதிப்பே இல்லையா?

அந்தக் காலத்து மிஷன் பாட்டுப் புத்தகங்களில் மொழிபெயர்ப்பாளர் பெயரைப் போடும் வழக்கம் அரிது. மிஷனரி ஒருவர் வாய்மொழியாகப் பொருள் சொல்லுவார். அவருடைய சீன ஆசிரியர் அதைச் செய்யுளாக்குவார். அச்சில் வந்தால் மிஷனரியின் பெயர் வரும், அல்லது எந்தப் பெயருமே வராது. சீன யாப்பு அறிந்த அந்த ஆசிரியர்கள் இல்லாமல் ஒரு பாட்டும் நின்றிருக்காது. இது எனக்கு உறுத்தலான விஷயம். ஸ்கிரிவன் தானே விரும்பிப் பெயரை மறைத்தார். இவர்களின் பெயரைப் பிறர் விட்டுவிட்டார்கள். இரண்டும் ஒன்றல்ல.

பிற்காலத்தில் பெயர் தெரியும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

1936இல் ஷாங்காயில் ‘பூத்தியான் சோங்ட்ஸான்’ என்ற பாட்டுப் புத்தகம் வெளிவந்தது. ‘பாரெங்கும் துதி’ என்று பெயரைப் புரிந்துகொள்ளலாம். ஆறு திருச்சபைப் பிரிவுகள் சேர்ந்து உருவாக்கியது, 512 பாடல்கள், அவற்றில் 62 சீனர்களே இயற்றியவை. ஒவ்வொரு சபையும் தனக்கென ஒரு மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு தனித்தனியே பாடிக்கொண்டிருந்த காலம் அது. ஒரே பாட்டுக்கு ஊருக்கு ஒரு சீன வடிவம் இருந்தது. அவற்றையெல்லாம் பரப்பி வைத்து, ஒப்பிட்டு, திருத்தி, தேவைப்பட்டால் புதிதாக எழுதியவர்கள் இந்தக் குழுவினர்.

தலைவர் லியூ திங்ஃபாங். வென்ஜோவில் பிறந்தவர், கொலம்பியாவிலும் யேலிலும் படித்தவர், பெய்ஜிங் யென்சிங் பல்கலைக்கழகத்தின் சமயவியல் துறைத் தலைவர். இசைப் பொறுப்பில் அதே பல்கலைக்கழகத்தின் அமெரிக்கப் பேராசிரியர் பிளிஸ் வயன்ட். இவர்களோடு யாங் யின்லியூ. இந்த மூன்றாமவரைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதுவேன்.

யாங் 1899இல் வூசி நகரில் பிறந்தவர். சிறுவயதில் தாவோ கோயில் இசைஞர்களிடம் வாத்தியம் கற்றார். பிறகு குன்ச்சூ என்ற பழைய இசைநாடக மரபில் தேர்ச்சி பெற்றார். லூயிஸ் ஹேமண்ட் என்ற அமெரிக்க மிஷனரி அம்மையாரிடம் ஆங்கிலமும் பியானோவும் படித்தார், கிறிஸ்தவரானார். தாவோ கோயில் மேளமும் குன்ச்சூ பாட்டும் ஐரோப்பிய ஆர்கனும் ஒரே செவிக்குள் சேர்ந்தது அப்படித்தான். 1950இல் இவரும் சாவ் அன்ஹ என்ற இசை ஆய்வாளரும் வூசிக்குப் போய், தெருவில் வாசித்துப் பிழைத்த ‘ஆபிங்’ என்ற பார்வையற்ற கலைஞரின் ஆறு இசைவடிவங்களைக் கம்பி ஒலிப்பதிவுக் கருவியில் பதிவுசெய்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஆபிங் இறந்துவிட்டார். இன்று சீனாவில் அறியாதவர் இல்லாத ‘அர்ச்சுவான் யிங்யூ’ என்ற, அர்ஹூ எனும் இரு தந்தி வாத்திய இசை அந்தப் பதிவால்தான் பிழைத்திருக்கிறது. சீனப் பண்டைய இசை வரலாற்றை எழுதிய பேரறிஞராக உலகம் யாங்கை அறியும். அவருடைய இளமை உழைப்பில் ஒரு பெரும் பகுதி கிறிஸ்தவப் பாட்டுகளுக்குச் சீன வடிவம் தருவதில் கழிந்தது.

சிங்கப்பூர் வாசகர்: சீனத்தில் ஒலியின் ஏற்ற இறக்கம் மாறினால் பொருளே மாறிவிடும் என்கிறார்களே. அப்படியானால் வெளிநாட்டு மெட்டில் எப்படிப் பாட முடியும்?

நல்ல கேள்வி தம்பி. யாங் தலையைப் பிய்த்துக்கொண்ட இடம் இதுதான்.

சீனப் பொதுமொழியான மாண்டரினில் நான்கு ஒலியேற்றங்கள்: உயர்ந்து சமமாக நிற்பது, ஏறுவது, தாழ்ந்து வளைவது, இறங்குவது. ‘ஜூ’ என்ற அசையைத் தாழ்ந்து வளைத்துச் சொன்னால் ஆண்டவர்; உயர்த்திச் சமமாகச் சொன்னால் பன்றி. ஆராதனையில் இது சிறிய விஷயம் இல்லை. ‘ஆண்டவர்’ என்ற சொல் உயர்ந்து நீளும் சுரத்தில் போய் விழுந்தால், புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர் என்ன நினைப்பார்?

குன்ச்சூ போன்ற மரபில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. அங்கே சொல்லின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தே மெட்டின் வளைவுகளை அமைக்கிறார்கள். இறக்குமதியான ஞானப்பாட்டில் மெட்டு முன்பே இறுகிவிட்டது. சொல்தான் வளைந்து கொடுக்க வேண்டும். அதோடு இன்னொரு தொல்லை: மூன்று சரணங்களுக்கும் மெட்டு ஒன்றே. முதல் சரணத்தின் ஐந்தாம் அசை பொருந்தினால் போதாது. இரண்டாம், மூன்றாம் சரணங்களின் ஐந்தாம் அசையும் அதே சுரத்தில் பொருந்த வேண்டும். பொருள் சிதையக்கூடாது; யாப்பு உடையக்கூடாது; எதுகை நிற்க வேண்டும்; ஒலியும் மெட்டோடு மோதக்கூடாது.

எல்லா அசையையும் பொருத்த முடியாது என்பது குழுவினருக்குத் தெரியும். அழுத்தமான தாளத்தில் வரும் சொற்களையும் ஆண்டவர், கிருபை, பாவம் போன்ற முக்கியச் சொற்களையும் காப்பாற்றினால், மற்றவற்றைக் கேட்பவர் இடம்பார்த்துப் புரிந்துகொள்வார். ‘யேசூ அன்யோ’ கேட்பவருக்கு இயல்பாக ஒலிப்பதற்குப் பின்னால் இப்படிப்பட்ட கணக்கு இருக்கிறது.

ஈப்போ வாசகி: எனக்குச் சீனம் தெரியும் டீச்சர். இந்தப் பாட்டின் சீன வரிகள் மற்ற மொழிபெயர்ப்புகளைவிடச் சரளமாக வருகின்றன. ஏன்?

உங்கள் செவி சரியாகவே கேட்கிறது. காரணம் யாப்பு. ஆங்கில மூலத்தில் ஒரு வரிக்கு எட்டு அசை, அடுத்த வரிக்கு ஏழு அசை, மாறி மாறி வரும். சீனத்தில் ஓர் எழுத்து ஓர் அசை. ஆகவே எட்டெழுத்து வரி, ஏழெழுத்து வரி. ஏழெழுத்து வரி என்பது தாங் காலத்துக் கவிதையிலிருந்து சீனக் குழந்தைகள் மனப்பாடம் செய்துவரும் வடிவம்! நான்கும் மூன்றுமாக இடைநிறுத்தி உடைவது அதன் இயல்பு. எட்டெழுத்து வரி நான்கும் நான்குமாக உடையும். நான்கெழுத்துத் தொடர் சீன உரைநடையிலும் பழமொழியிலும் எங்கும் நிறைந்தது. கான்வெர்ஸின் மெட்டும் சரியாக அதே இடங்களில் மூச்சு விடுகிறது. ‘ஹதங் அன்யோ’ என்று நான்கு எழுத்து, ‘ட்ஸரன் ஜியூஜூ’ என்று நான்கு எழுத்து, பிறகு ஏழு. பாடிப் பாருங்கள், எந்தச் சொல்லும் நடுவில் வெட்டுப்படாது.

மேலும், மூலத்தின் தாளம் முதல் அசையில் அழுந்தித் தொடங்குகிறது. முன்னொட்டாக ஓர் இலேசான அசையோடு தொடங்கும் ஆங்கிலப் பாட்டுகள் ஏராளம். அவற்றைச் சீனத்தில் உட்கார வைப்பதற்குள் மொழிபெயர்ப்பாளர் படும் பாடு தனி.

தஞ்சாவூர் வாசகர், மிருதங்கக் கலைஞர்: மெட்டிலும் ஏதோ கிழக்கத்திய வாசனை இருக்கிறதே, அது என் மனப்பிரமையா?

மனப்பிரமை இல்லை ஐயா. சுரங்களை எழுதிப் பாருங்கள். முதல் வரி: ப ப த ப க ச, ச த. அடுத்த வரி: ப ச க ச ப க ரி. ஐந்தே சுரங்கள், நம் மோகனம். சீனர்கள் தங்கள் ஐந்து சுர முறையில் ‘கோங்’ என்று சொல்லும் அமைப்பும் இதே ஐந்துதான். நிஷாதம் நான்காம் வரியின் முடிவில், முத்தாய்ப்புக்கு முன்னால் மட்டும் எட்டிப்பார்க்கிறது. மத்திமம் பாட்டின் நடுப்பகுதியில், ஆங்கிலத்தில் ‘எவ்வளவு சமாதானத்தை இழக்கிறோம்’ என்று வரும் இடத்தில்தான் நுழைகிறது. லைப்சிக்கில் படித்த கான்வெர்ஸ் சீன இசையை மனத்தில் வைத்து இதை அமைக்கவில்லை. அன்றைய அமெரிக்க மக்கள் பாட்டுகள் பலவும் ஐந்து சுரத்தில்தான் ஓடின. ஆனால் சீனக் கிராமத்துப் பாட்டியின் தொண்டைக்கு இந்த மெட்டு அந்நியமாகப் படவில்லை. மத்திமம், நிஷாதம் (ஃப, தீ) என்ற இரண்டு சுரங்களும் அடிக்கடி வரும் மெட்டுகளை அவர்கள் வளைத்து, ஐந்து சுரத்துக்குள் இழுத்துப் பாடிவிடுவது எங்கள் பாடகர் குழுவிலும் நான் கேட்ட ஒன்று. இந்தப் பாட்டில் அப்படி இழுக்க வேண்டிய இடம் அதிகமில்லை.

கோலாலம்பூர் வாசகர்: எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி பாடும் வரிகள் நீங்கள் சொல்வதுபோல் இல்லையே?

அவர் ஹொக்கியன் என்ற தென்கிழக்குச் சீன மொழியைப் பேசுபவராக இருப்பார். ஹொக்கியன் வடிவம் வேறு. ‘மிகச் சிறந்த நண்பர் இயேசுவே’ என்று நேரடியாகத் தொடங்கும். நண்பரைக் குறிக்க ‘பெங்யூ’ என்ற அன்றாடச் சொல்லையே போட்டிருப்பார்கள். எனக்கு அந்த வடிவத்தின் மேல் தனிப் பிரியம். மாண்டரின் வடிவத்தில் கல்வியின் மிடுக்கு இருக்கிறது. ஹொக்கியன் வடிவத்தில் அடுப்படிப் பேச்சின் நெருக்கம் இருக்கிறது. சீன எழுத்து கற்க வாய்ப்பில்லாத பெண்கள் ரோமன் எழுத்தில் அச்சிட்ட ஹொக்கியன் வேதாகமத்தையும் பாட்டுகளையும் சில மாதங்களில் வாசிக்கக் கற்றுக்கொண்டார்கள். தைவானில் 1885இல் தொடங்கிய திருச்சபைச் செய்தித்தாள்கூட அந்த எழுத்தில்தான் வந்தது.

ஹாங்காங்கில் பேசும் காண்டனீஸ் மொழியின் நிலை வேறு. மாண்டரினை மனத்தில் வைத்து எழுதிய வரிகளை ஹாங்காங்கில் காண்டனீஸ் உச்சரிப்பில் பாடினார்கள். ஒலியேற்றங்கள் அதில் இன்னும் கூடுதல், ஆகவே மோதலும் கூடுதல். ஆண்டவர், பன்றி குழப்பம் அங்கே எல்லோரும் அறிந்த சங்கடம். அடுத்தடுத்த தலைமுறை காண்டனீஸ் ஒலிக்கே பொருந்தும் புதுப் பாட்டுகளை எழுதத் தொடங்கியதற்கு அந்தச் சங்கடமும் ஒரு காரணம்.

யாழ்ப்பாண வாசகர்: கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் இந்தப் பாட்டுகள் என்னவாயின?

1966இல் தேவாலயங்கள் மூடப்பட்டன. வேதாகமங்களும் பாட்டுப் புத்தகங்களும் பறிக்கப்பட்டு எரிக்கப்பட்டன. பியானோ வைத்திருந்தாலே சந்தேகம். மக்கள் வீட்டுக்குள் மெல்லிய குரலில் பாடினார்கள். மறந்துவிடக்கூடாது என்று நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதி வைத்தார்கள். நெஞ்சில் நிற்கக்கூடிய பாட்டு எதுவோ அதுவே தப்பியது. ஏழெழுத்து வரியும் ஐந்து சுர மெட்டும் மனப்பாடத்துக்கு எவ்வளவு உதவியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

1979இல் தேவாலயங்கள் மறுபடி திறந்தன. 1983இல் சீனக் கிறிஸ்தவ மன்றம் ‘புதிய துதிப்பாடல்’ தொகுப்பை 400 பாடல்களோடு வெளியிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவை சீனர்களின் சொந்தப் படைப்புகள். அது கோடிக்கணக்கான பிரதிகள் அச்சாகி, ஊர் ஊராகப் போயிற்று.

திருச்சி வாசகி: சீனப் பாட்டுப் புத்தகத்தில் சுரங்களுக்குப் பதிலாக எண்கள் இருக்கின்றனவே?

அது ‘ஜியன்பு’, எண் இசைக்குறிப்பு. ச ரி க ம என்பதற்கு 1 2 3 4. நம் பாட்டின் தொடக்கம் 5 5 6 5 3 1. மேல் ஸ்தாயிக்கு எண்ணின் மேல் புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் கீழே புள்ளி, கால அளவுக்கு அடிக்கோடு. பிரான்சில் பிறந்து, ஜப்பான் வழியாக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனப் பள்ளிகளுக்குள் வந்த முறை. ஐந்து கோட்டு முறையைக் கற்க வசதியில்லாத கிராமத்துச் சபைகள் இதை வைத்தே பாடுகின்றன. சுரம் சொல்லிப் பழகிய நமக்கு அரை மணி நேரத்தில் பிடிபடும். பயப்படாமல் புத்தகத்தைத் திறங்கள்.

புதுச்சேரி வாசகர்: ஜப்பானில் இதே மெட்டை வானத்து நட்சத்திரங்களைப் பற்றிய பள்ளிப் பாட்டாகக் கேட்டேன். எது மூலம்?

கான்வெர்ஸின் மெட்டுதான் மூலம். 1910இல் ஜப்பானியப் பள்ளிப் பாடநூல் ஒன்று இந்த மெட்டுக்கு நட்சத்திர உலகைப் பற்றிய வரிகளைப் பொருத்தியது. கிறிஸ்தவ வரிகளோடும் அங்கே பாடுகிறார்கள், குறிப்பாகத் திருமணங்களில். அதனால் கிறிஸ்தவரல்லாத ஜப்பானியர் பலருக்கும் இது கல்யாணப் பாட்டு. சீனச் சபைகளில் ஜெபக்கூட்டத்திலும் நோயாளியின் படுக்கையருகிலும் அடக்க ஆராதனையிலும் கேட்கலாம்.

பினாங்கு வாசகி: ஐக்கிய ஆராதனையில் தமிழ், சீனம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே நேரத்தில் இதைப் பாட வைக்க எங்கள் போதகர் விரும்புகிறார். குழப்பமாகிவிடாதா டீச்சர்?

ஆகாது அம்மா, ஒழுங்காகத் தயார்செய்தால். மூன்று மொழியிலும் அசைக் கணக்கு மெட்டோடு ஒத்துப்போவதால் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு விடுவார்கள். முதல் சரணத்தைச் சீனச் சபையும் இரண்டாவதைத் தமிழ்ச் சபையும் தனியே பாடட்டும். மூன்றாவதை அவரவர் மொழியில் சேர்ந்து பாடுங்கள். எடுத்த உடனே மூன்று மொழியும் சேர்ந்தால் யாருக்கும் தன் குரல் கேட்காது.

சுருதியை எஃப் மேஜரிலிருந்து ஈ-ஃபிளாட்டுக்கு இறக்குங்கள். காலை ஆராதனையில் பெரியவர்களுக்கு உச்ச தைவதம் எட்ட வேண்டும். நம்மவர்கள் வரியின் கடைசி அசையை இழுத்து நிற்பார்கள், சீனச் சபை கால அளவு முடிந்ததும் விட்டுவிடும். ஆகவே ஆர்கனிஸ்ட் எங்கே விடுவது என்பதை முன்பே இரு குழுவோடும் பேசிக்கொள்ளட்டும். தமிழ் வரிகளுக்கு மேலேயும் ஜியன்பு எண்களைப் போட்டு ஒரே தாளில் அச்சிடுங்கள். சீன வரிகளைத் தமிழ் எழுத்திலும் கீழே கொடுத்துவிட்டால், இரண்டு ஒத்திகையில் நம் பிள்ளைகள் ‘ஹதங் அன்யோ’ என்று அந்தப் பக்கத்துப் பாட்டிகளோடு சேர்ந்தே எடுத்துவிடுவார்கள். அழைப்பிதழில் ஸ்கிரிவன், கான்வெர்ஸ் பெயர்களோடு உங்கள் புத்தகத்தில் மொழிபெயர்ப்பாளர் பெயர் இருந்தால் அதையும் மறக்காமல் போடுங்கள்.